சுற்றாமல் கேட்ட கசெற்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. தேங்காயைக் காதில் வைத்துக் குலுக்காமல் வாங்கமாட்டேன். கடிதம் வந்தால் பிரிப்பதற்கு முன் உறையின் ஒட்டைத் தடவிப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்றைய நித்திரை போய்விடும்.

அண்ணை ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கடைக்கு மேலேதான் அவருடைய அறை. கீழே விடியவிடிய ஆட்டம் நடக்குமாம். அந்த இசையை மூன்று கசெற்றில் பதிந்து, கொழும்பால் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். எதிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. இங்கிலிசில் ஏதாவது எழுதியிருந்தால் வழியில் ஆமியின் சோதனைச் சென்றிகளில் கரைச்சல் என்று பயந்திருக்கிறார். மூன்றும் மூன்று வகை ஆட்ட இசை, ஒன்று ஹவுஸ், ஒன்று டெக்னோ, ஒன்று ட்ரான்ஸ், கேட்டுக் கண்டுபிடி என்று கடிதத்தில் இருந்தது. ஹவுஸ் நடக்குமாம், டெக்னோ ஓடுமாம், ட்ரான்ஸ் சுற்றிச் சுற்றி மேலே ஏறுமாம்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு எங்கள் ஊர் உடுவிலில் கரண்ட் போய்விட்டது. பற்றறி தடை செய்யப்பட்ட பொருள். என்னிடம் அண்ணை விட்டுப்போன பழைய கசெற் பெட்டி இருந்தது. டைனமோ பூட்டிய சைக்கிள் என் சிநேகிதனிடம் இருந்தது. அவன் அரியாலை ஊரான். தகப்பனோடு களப்பில் வலை இழுத்து உரமேறிய கை. சனிக்கிழமை பின்னேரங்களில் வருவான். சைக்கிளை எங்கள் முற்றத்தில் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயரைப் பெட்டிக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவான். நான் கதிரையில் இருந்து கேட்பேன்.

கேட்பது என்றால் சும்மா கேட்பதில்லை. காது பொய் சொல்லும், மணிக்கூடு பொய் சொல்லாது என்பது என் கட்சி. கையில் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவேன். மெதுவானது ஹவுஸ். அதில் இடைக்கிடை ஒரு பெண் கனத்த குரலில் ஒரே வரியைப் பாடினாள். மற்ற இரண்டையும் அப்படியே பிரித்தேன். ஒட்டுப் பிளாஸ்டரைச் சின்னதாக வெட்டி, பெயர் எழுதி ஒட்டினேன். ஊரிலேயே இந்த மூன்றையும் பிரித்தறியக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று பெருமை வேறு.

ஏறக்குறைய ஒரு வருடம் சுற்றிய பிறகு அவன் ஹவுஸைக் கடனாகக் கேட்டான். அவர்களுடைய ஒழுங்கையில் ஒருவரிடம் உழவு மெசின் பற்றறியும் கசெற் பெட்டியும் இருந்தனவாம். "சுத்தாமல் ஒருக்கா இருந்து கேக்கவேணும், மச்சான்" என்றான்.

கொடுத்தேன். அந்த நாளில் ஒரு வெறும் கசெற் கிடைப்பதே அருமை. என்னுடையதன்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்துவிடுவானோ, இல்லை நல்ல நாடாவை உருவிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடுவானோ என்று ஒரு கிழமை முழுக்க அதே யோசனை.

அடுத்த சனிக்கிழமை வந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. வலையில் சிக்கிய போத்தல் ஓடு வெட்டியதாம். அந்தத் துணியைக்கூட நான் நம்பவில்லை. கசெற்றைத் திருப்பிப் பார்த்தேன்; பிளாஸ்டரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. அன்றைக்கு அவனுக்குச் சுற்ற ஏலாது என்பதால் பெடலை நான் பிடித்தேன். இருந்த ஆத்திரத்தில் சுற்றினேன். அடி கடகடவென்று விழுந்தது. பாடியது என் பெண் இல்லை, கீச்சுக்குரலில் ஒரு சிறுபிள்ளை.

"இது என்ரை கசெற் இல்லை. என்ரையை என்ன செய்தனி?" என்றேன்.

அவன் சத்தியம் பண்ணவில்லை. "ஒரு வருசம் உனக்குச் சுத்தினன். என்னைக் கள்ளனாக்கிப் போட்டாய்" என்று சொல்லி, வயரைக் கழற்றி, ஒற்றைக் கையால் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் நிற்காமல் போகிறான் என்று நான் எனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து உடுப்பிட்டியிலிருந்து சின்னம்மா சைக்கிளோடு வந்து எங்களுடன் தங்கினார். பள்ளிக்கூட ரீச்சர். அவருடைய சைக்கிளில் டைனமோ இருந்தது. கெஞ்சிக் கேட்டதில், வலது கையால் கொப்பி திருத்திக்கொண்டே இடது கையால் பெடலைச் சுற்றினார். நான் அந்தக் களவுக் கசெற்றைத்தான் போட்டேன். பிள்ளைகள் சரியாக எழுதிய பக்கங்களில் அவருடைய கை விறுவிறென்று சுற்றியது, சிறுபிள்ளை பாடியது. ஒரு பிழை வந்தது. அதை வாசிக்க அவர் கை தளர்ந்தது. சிறுபிள்ளையின் குரல் தடித்து, இறங்கி, என்னுடைய பெண்ணே வந்து பாடினாள்.

மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்தேன். எந்தக் கசெற்றும் கொப்பியில் சரி என்றால் டெக்னோ, பிழை என்றால் ஹவுஸ். செய்தி கேட்கச் சுற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். றேடியோவில் கை தளர்ந்தால் சத்தம் குறையுமே தவிர, செய்தி வாசிப்பவர் நீட்டி வாசிக்கமாட்டார். கசெற் அப்படியல்ல என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு வருடமாக நான் மணிக்கூடு வைத்து எண்ணியது அவனுடைய கையை. அது அவ்வளவு ஒரே சீராகச் சுற்றியிருக்கிறது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையிலேயே அரியாலைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அவையள் போன கிழமை கிளாலியாலை வள்ளமேறி ஊரைவிட்டுப் போட்டினம். நீர்தானோ உடுவில் பொடியன்?"

"ஓம்" என்றேன்.

உள்ளே போய் ஒரு கடதாசிப் பொட்டலம் கொண்டுவந்து தந்தார். சைக்கிளை விற்றுவிட்டானாம், இதை மட்டும் எனக்கென்று கழற்றி வைத்தானாம். பிரித்தேன். டைனமோ. மன்னிப்புக் கேட்க வந்தவன்தான் நான். ஆனாலும் பழுதானதை என் தலையில் கட்டிவிட்டானோ என்று, நின்ற இடத்திலேயே அதன் தலையை விரலால் சுற்றிப் பார்த்தேன். அது எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். "சுத்திப் பாப்பீர் எண்டும் சொன்னவன்" என்றார்.