அக்காள்மடத்து வைனும் என் வயிறும்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நானும் என் மனைவி வசந்தாவும் மதுரையிலிருந்து அக்காள்மடம் போய் வந்தோம். என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தோணி சாரின் வீடு அங்கே இருக்கிறது. பல வருடங்களாகக் கூப்பிடுகிறார். எனக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்த பிறகு யார் வீட்டிலும் நான் சாப்பிடுவதில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகிப் படுத்துவிடுவேன். இந்த முறை கிளம்பியது கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலேயே செய்யும் வைனுக்காக. பீர்தான் ஆகாது, திராட்சை வைன் கொஞ்சம் குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எல்லோரும் குடிப்பதை நானும் ஒரு முறை அவர்களோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பேருந்து. ஒன்பது மணிக்கு ராமநாதபுரத்தில் இறங்கி ஒரு கடையில் உட்கார்ந்தோம். நான் வீட்டு இட்லியைப் பிரித்தேன். வசந்தா பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்தாள். உடம்புக்கு முடியாத மாணவரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களைக் கபடி ஆடவிட்டால், அவர் ஆட்டத்தையா பார்ப்பார்? யார் விழுகிறார்கள் என்றுதான் பார்ப்பார். வசந்தாவுக்குப் புரையேறாதா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை.

அங்கிருந்து பாம்பன் பாலம் தாண்டி அக்காள்மடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். எல்லா வண்டியும் அங்கே நிற்காது. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தோணி சாரின் மனைவி ஸ்டெல்லா பீங்கான் ஜாடியைத் திறந்ததும் கூடமெல்லாம் கிராம்பு மணத்தது. நாலு கிளாஸிலும் ஊற்றினார். எப்படிச் செய்கிறீர்கள் என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். கருப்பு திராட்சை, சீனி, ஈஸ்ட், பட்டை, கிராம்பு என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், பெருமையோடு முடித்தார்.

“கடைசியா ஒரு கைப்பிடி முழுக் கோதுமை போடுவோம்ண்ணே. அப்பத்தான் வீரியம் வரும்.”

உதடு வரை போன கிளாஸைக் கீழே வைத்தேன்.

“வடிகட்டியாச்சுல்ல சார், ஒரு மணி கூட உள்ள கிடக்காது” என்றார் அந்தோணி.

டீயை வடிகட்டினால் தூள்தானே போகும், சாறு போகாதே என்றேன். ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. யாரும் கிளாஸைத் தொடவில்லை. வசந்தா மட்டும் தன்னுடையதை முடித்துவிட்டு, வீணாகக் கூடாது என்று என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். அவள் விழுங்கிய ஒவ்வொரு மடக்கும் என் தொண்டையில் தெரிந்தது.

ஸ்டெல்லா எழுந்து போய்ப் புதுச் சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தார். ஒவ்வொரு சாமானையும் என்னிடம் காட்டிக் கேட்டுக் கேட்டு விளைமீன் குழம்பு வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் என் இலையைவிட்டு நகரவில்லை. கேக் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்த வசந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“எனக்கும் இந்தச் சீக்கு வந்தாத்தான் இங்கன கவனிப்பாங்க போல.”

“ஏன் மதினி, ரெண்டு கிளாஸ் பத்தலையா?” என்றார் ஸ்டெல்லா. அப்போதுதான் அவர் சிரித்தார்.

என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன். கடையில் வாங்கும் திராட்சை வைன் பெரும்பாலும் தொந்தரவில்லை. லேபிளை மட்டும் படித்துவிடுங்கள். வீட்டு வைன் என்றால், கோதுமை உண்டா என்று கேட்காதீர்கள். ஒரு கைப்பிடியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. செய்முறையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லச் சொல்லுங்கள். கூட்டுப் பெருங்காயத்திலும் மைதா இருக்கும். ரசத்துக்கு முன்னால் அதையும் விசாரியுங்கள்.

மாலை நாலரை மணி வண்டியில் திரும்பினோம். வசந்தா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் மூச்சில் கிராம்பும் திராட்சையும் மணத்தன. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நகர்ந்து உட்காரச் சொல்லவில்லை. அந்த வைனுக்கு இதைவிடப் பக்கத்தில் போக எனக்கு வழியில்லை.