பருத்திக் கிட்டங்கியில் பீட்சா பந்தி

மதுரைக்காரிக்குச் சாப்பாட்டு விஷயத்தில் யாரும் புதிதாக எதையும் சொல்லித் தந்துவிட முடியாது என்பது என் நினைப்பு. அதனால்தான், கோவில்பட்டிப் பக்கம் பருத்திப் பொதி அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் விறகடுப்பில் பீட்சா சுடுகிறார்கள், ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்று அலுவலகத்தில் ஒரு பெண் சொன்னபோது சிரித்தேன். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கலாம், தீப்பெட்டி வாங்கலாம். பீட்சாவுக்காக நூறு கிலோமீட்டர் போகிறவளை வீட்டில் கட்டிப்போட வேண்டும் என்றேன். அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். நூறு ரூபாய் டிக்கெட். குறை கண்டுபிடித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன், அதை ஒளிப்பானேன்.

விருதுநகர் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கியது. சாத்தூருக்குப் பிறகு இருபக்கமும் கரிசல்தான். பிப்ரவரி மாதம். உளுந்து அறுத்த நிலங்கள் வெடித்துக் கிடந்தன, பருத்தி மட்டும் அங்கங்கே வெள்ளையாக நின்றது. மற்ற இடங்களில் வேலிக்கருவை. இந்த மரத்தைத் திட்டாத ஊர்க்காரர் இல்லை, இதை எரிக்காத அடுப்பும் இல்லை.

பத்தரை மணிக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். கழுகுமலைச் சாலையில் எட்டு கிலோமீட்டர் போக வேண்டும், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. ஓட்டுநர் பேச்சுக்காரர். நான் எங்கே போகிறேன் என்று தெரிந்ததும் திரும்பிப் பார்த்தார்.

“நல்ல நேரத்துலதான் வந்திருக்கிய அக்கா. அந்தக் கிட்டங்கியை விக்கப் போறாவளாம். இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டுதாவன்னு பேச்சு.”

சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு புளியமரம், அதற்குப் பின்னால் நீளமான கட்டிடம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்துதான் பருத்திப் பொதிகள் வண்டிகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயினவாம். ஒரு முழத்துக்கும் மேல் கனமான சுண்ணாம்புச் சுவர்கள், பர்மா தேக்கு உத்தரங்கள், பொதி தூக்கிய இரும்புக் கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன. வெளியே அனலாகக் கொதித்தாலும் உள்ளே காலடி வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. முதல் குறையைக் கண்டுபிடிக்க வந்தவள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கடையை நடத்துகிறவர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். கோவாவில் ஒரு ஓட்டல் அடுப்படியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, கையிலிருந்த நகையை விற்று இந்தக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தவர். இன்றைக்கு வெளியாட்களுக்குக் கிடையாது என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். கரும்பலகையில் மிளகாய்வத்தல் பூண்டு பீட்சா 240, ஆட்டுக்கறி 380 என்று எழுதியிருந்தது. மாவில் மைதாவோடு கொஞ்சம் கம்பும் சேர்க்கிறாராம்.

அடுப்பு பின்கட்டு முற்றத்தில் இருந்தது. முதலில் பக்கத்து நிலத்து மண்ணையே குழைத்துப் பூசியிருக்கிறார். கரிசல் மண் காய்ந்தால் சும்மா இருக்குமா, ஒரே வாரத்தில் பாளம் பாளமாகப் பிளந்துவிட்டது. பிறகு சங்கரன்கோவில் பக்கமிருந்து செம்மண் கொண்டுவந்து மறுபடி கட்டினாராம். அதைச் சொல்லிச் சிரித்தவர், அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. கட்டிடத்துக்குச் சொந்தக்காரர்கள் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். பாதிப் பேர் விற்க வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். இன்று எல்லோரும் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டு, இங்கேயே உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறார்கள்.

“வாடகை வீடுன்னா பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போயிரலாம் அக்கா. இந்த அடுப்பை எப்படித் தூக்கிட்டுப் போவேன்?”

ஒரு வாய்கூட அங்கே சாப்பிட்டிருக்கவில்லை, அதற்குள் நான் ஸ்டெல்லா கட்சிக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். குழந்தைகளோடு நாற்பது பேர். மூத்தவர் அருமைநாயகம் அண்ணாச்சி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிறவர். அவர் தம்பி செல்வராஜ்தான் விற்க வேண்டும் என்று முன்னே நிற்பவர். இவரும் நல்ல மனிதர்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் மனதுக்குள் மண்டபத்தைக் கட்டி முடித்து வாசலில் வாழைமரமும் நட்டாயிற்று என்பதும் தெரிந்தது. நீள மேசைகளின் இருபக்கமும், கல்யாண வீட்டுப் பந்தி போல, வரிசையாக உட்கார்ந்தார்கள்.

நாலு பேருக்கு ஒரு பெரிய பீட்சா என்பது ஸ்டெல்லாவின் கணக்கு. அடுப்பில் ஒரு நேரத்தில் மூன்றுதான் வைக்க முடியும். முதல் மூன்றும் கொப்புளம் கொப்புளமாக, நெய்யும் பூண்டும் மணக்க வெளியே வந்தன. மேசையின் இந்தக் கோடியில் வைத்தார்கள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. சூடாகச் சாப்பிடுங்கள் என்று ஸ்டெல்லா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி தலையை அசைத்தார்.

“எல்லாத்துக்கும் வரட்டும்மா. பெறவு ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுவோம்.”

அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். பந்தியில் கடைசி ஆளுக்கும் விழுந்த பிறகுதான் முதல் ஆள் வாய்க்குப் போகும். சின்னப் பிள்ளைகள்கூட கையைக் கட்டிக்கொண்டு இருந்தன. கோவாவில் யாரும் இப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்கள், ஸ்டெல்லாவுக்கு இது தோன்றவே இல்லை. நாலாவது ஈடு வந்து கடைசி நாலு பேருக்கும் வைத்து முடிப்பதற்குள் முதல் பீட்சாவின் சீஸ் இறுகி விறைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஜெபம். மழைக்காக, பருத்தி விலைக்காக, துபாயில் இருக்கிற பிள்ளைகளுக்காக, கழுகுமலையில் ஆபரேஷன் ஆன ஒரு சொந்தக்காரருக்காக என்று அண்ணாச்சி ஒருவரையும் விடவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே சீக்கிரம் என்று வேண்டினேன்.

சாப்பிட்டார்கள். மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள். சப்பாத்தியில் மெழுகு உருக்கி ஊற்றின மாதிரி இருக்கிறது என்று செல்வராஜ் பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதுவரை வந்தது. ஒரு பிள்ளை, இட்லி இல்லையா என்று கேட்டது.

ஸ்டெல்லாவைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் வாசல் நிலையில் சாய்ந்து, அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

“தப்பு என் மேலதான் அக்கா. பந்தியில உக்காந்தவங்களுக்கு ஓட்டல்ல வைக்கிற மாதிரி வச்சா எப்படி? சாம்பார் வாளியை ஒரு வீட்டுக்காரங்க முன்னால வச்சுட்டா போறோம்? வரிசையா ஊத்திக்கிட்டே போறோம்லா.”

விறுவிறுவென்று உள்ளே போய் அண்ணாச்சியிடம், இன்னும் ஒரு தடவை வைக்கிறேன், உட்கார்ந்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அண்ணாச்சி தட்டைத் தள்ளிவைத்தவர், மறுபடி இழுத்துக்கொண்டார். செல்வராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று பீட்சா அடுப்புக்குள் போயின. கருவை விறகின் தணல் சிவந்து கிடக்க, இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டன. ஸ்டெல்லா அரிவாள்மணையில் கீரை அரிகிற வேகத்தில் ஒவ்வொன்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார், ஆளுக்கு ஒரு வாய். உதவிக்கு இருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தட்டைத் தூக்கினார்கள். மூன்றாவது தட்டுக்கு ஆள் இல்லை. நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். மதுரையில் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட நான் பந்திக்குப் பரிமாறியதில்லை.

இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோதும் என் தட்டில் ஆவி பறந்தது. ஜெபம் ஏற்கெனவே ஆகிவிட்டது, கடைசி ஆளுக்கும் விழுந்துவிட்டது. நாற்பது கைகள் ஒன்றாக வாய்க்குப் போயின.

அண்ணாச்சி கண்ணை மூடினார், இந்தத் தடவை ஜெபத்துக்கு இல்லை. அப்புறம் அவர் பக்கத்தில் இருந்த மதினி ஒருவர், அடுத்தது எப்போ வரும் என்று கேட்டார்.

அடுத்தது வந்தது. வத்தல் பூண்டுக்குப் பிறகு ஆட்டுக்கறி, அதற்குப் பிறகு வெங்காயம், பிறகு கருவேப்பிலையும் முந்திரியும். சாம்பாருக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்பது போல, ஒவ்வொரு சுற்றாக வரிசையில் நடந்தோம். பிள்ளைகள் அடுப்பங்கரை வாசலைப் பார்த்துக் கழுத்தை நீட்டின. ஆட்டுக்கறி இன்னொரு சுற்று என்று குரல் வந்தது. கிட்டங்கியே கலகலவென்று ஆகிவிட்டது. எனக்குப் புடவை முழுக்க மாவு, நெற்றியில் வியர்வை, சந்தோஷத்தில் என்னவோ நானே சுட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கருப்பட்டியும் தேங்காயும் போட்ட கடைசிச் சுற்றுக்காகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். எதிரே செல்வராஜ் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். நான் விடவில்லை, என்ன விஷயமோ என்று பயம்.

“நீங்க போயி உக்காருங்க அக்கா. எங்க கிட்டங்கியில விருந்தாளியைப் பரிமாற விட்டுட்டு, நாங்க உக்காந்து சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?”

பந்தி அப்படியே நின்றது. மெழுகு என்று சொன்ன வாய்தான், எங்க கிட்டங்கி என்று சொன்னது. ஸ்டெல்லா அடுப்பங்கரை வாசலில் கையில் நீளக் கரண்டியோடு நின்றார். அண்ணாச்சி தம்பியை ஒரு பார்வை பார்த்தார், வரிசையில் இருந்த மற்ற பங்காளிகளையும் பார்த்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கட்டிடம் வாங்க இருந்தவரை அழைத்து, நாங்கள் விற்கவில்லை, நாளைக்கு நீங்கள் வர வேண்டியதில்லை என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தார்.

எனக்கு வரிசையின் நடுவில் இடம் ஒதுக்கினார்கள். செல்வராஜ் கடைசி ஆள்வரை வைத்துவிட்டு வரும்வரை நானும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். எங்கள் வீட்டில் நாலு பேர், நாலு நேரத்தில், நாலு மூலையில் சாப்பிடுகிறோம். இங்கே நாற்பது பேர் எனக்காகவும் காத்திருந்தார்கள். கருப்பட்டி உருகிய அந்த ஒரு துண்டு வாயில் சுட்டது. அதைத் துப்பாமல், ஊதி ஊதி, கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். தலையைத் தூக்கினால், அண்ணாச்சி எழுந்து போய் ஸ்டெல்லாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, நீ உக்காரும்மா, உனக்கு இன்னும் இலை போடலியே என்றார்.