"இன்னாக்கா, முடி இவ்ளோ கொட்டிகீது?"

நந்திதுர்க்கில் ஒரு பியூட்டி பார்லரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கத்திரி பிடிக்கக் கற்றுத்தரவில்லை. பேசத்தான் கற்றுத்தந்தார்கள்.

"கஸ்டமர் சேர்ல உக்காந்ததும் வகிட்ட பிரிச்சுப் பாரு. 'இன்னாக்கா, முடி இவ்ளோ கொட்டிகீது?'ன்னு கேளு. பயந்தாதான் ட்ரீட்மென்ட் எடுப்பாங்க" என்றார் ஓனரம்மா. நாற்பதைத் தாண்டியவர்களிடம் இது தப்பவே தப்பாதாம். எப்படித் தப்பும்? அந்த வயதில் பாதிப் பேருக்கு வகிடு அகன்றுதான் இருக்கும். ஓனரம்மாவுக்கும் அப்படித்தான், மை தடவி மறைப்பார்.

நானும் கிளிப்பிள்ளை போல எல்லோரிடமும் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்டெல்லா அக்கா பக்கத்து மாரிகுப்பத்துக்காரர். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், ஐம்பது வயது. மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது புருவம் திருத்த வந்தார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"அவ்ளோ மோசமாவா கீது? போட்டோவுல அசிங்கமா தெரியுமாம்மா?"

ஓனரம்மா ஓடிவந்து, கிரீம் போட்டு முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங்கை அவர் தலையில் கட்டினார். ஏற்கெனவே டை போட்ட முடி. வயதில் மெலிந்து வறண்ட முடி வேறு. முதலில் நாலு முடியில் மட்டும் கிரீம் தடவி ஸ்ட்ராண்ட் டெஸ்ட் பார்க்க வேண்டும். சொன்னேன்.

"அதுக்கெல்லாம் டைம் இல்ல, கிரீம எடு."

எடுத்துக் கொடுத்தேன். அலசும்போது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஓனரம்மா கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "உங்க முடியிலதான்க்கா ஸ்ட்ரெந்த் இல்ல. வயசாச்சு இல்ல?"

என்ன அநியாயம்! நன்றாக இருந்த தலையைக் கெடுத்துவிட்டு, பழியை வயதின்மேல் போடுவதா?

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சர்ச்சில் பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டிருந்தார்கள். வெளியே வந்ததும் எடுத்துவிட்டார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் பந்தியிலும் எடுக்கவில்லை, மேடையில் மகள் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றபோதும் எடுக்கவில்லை. மறுநாளே நான் வேலையை விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து மாரிகுப்பத்தில் சொந்தமாகப் பார்லர் திறந்தேன். ஒருநாள் ஸ்டெல்லா அக்கா வந்து சேரில் உட்கார்ந்தார். முடி தோள்வரை வளர்ந்திருந்தது, பாதி வெள்ளை.

"நெசத்த சொல்லு. அன்னிக்கி கிரீம் போடறதுக்கு முன்னாடி என் தலைக்கு இன்னா ஆயிருந்துச்சு?"

"ஒண்ணும் ஆவலக்கா. அம்பது வயசு ஆயிருந்துச்சு, அவ்ளோதான்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, புருவம் திருத்த வந்தவருக்குப் புருவத்தை மட்டும் திருத்துங்கள்.