ஓ அம்மாவுக்கு ஏபி மகள்

அன்று ரத்தப் பரிசோதனை அறையில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், பத்தொன்பது வயது மகள், ரத்தம் எடுத்த பெண். வேறு யாரும் இல்லை.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ரத்தம் தேவைப்படலாம் என்று மூவருக்கும் வகை பார்த்தார்கள். எனக்கு ஓ, அவருக்கு ஏ, மகளுக்கு ஏபி.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். "அம்மா ஓ-வா இருந்தா புள்ளைக்கு ஏபி வராதுங்களே."

"மறுக்கா பாருங்க, மிசினு தப்பாக் காட்டியிருக்கும்" என்றார் வீட்டுக்காரர். மறுபடியும் அதேதான். அவர் சிரித்தார். "அப்பனாட்டமும் இல்ல, ஆத்தாளாட்டமும் இல்ல. தனி ரகமா வந்திருக்குது எஞ்சாமி!"

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டது நான்தான், மகளை.

ஆட்டையாம்பட்டியில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள் நான், எட்டாவதோடு நின்றவள். நான் தப்பு எதுவும் செய்யவில்லை. அப்படியென்றால் பிரசவ வார்டில் குழந்தை மாறியிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலிலும் அன்று பெண் குழந்தைதானே?

வகை ஒத்துவராததால் என் ரத்தத்தைச் சேலத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், மூவாயிரம் ஆகும் என்றார்கள். மகள் ஜவுளிக்கடைச் சம்பளத்தை எடுத்துக் கொடுத்தாள். "காசு கெடக்குதும்மா, நீ நல்லாகோணும்."

முடிவு வரும்வரை, சோறு வடிக்கும்போதெல்லாம் அந்த இன்னொரு பெண் எந்த ஊரில் சாப்பிடுகிறாளோ என்று நினைத்தேன். எதிரே சாப்பிட்ட மகளின் காதிலும் நெற்றியிலும் வேறு யாருடைய சாயலையோ தேடினேன்.

"ஏம்மா, விருந்தாளிக்கு ஊத்தறாப்புல கொழம்பு ஊத்தற?" என்றாள்.

"ஒடம்புக்கு முடியல சாமி" என்றேன்.

ரத்த வங்கி டாக்டர் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "நீங்க ஓ இல்லீங்கம்மா, பாம்பே வகை. ரொம்ப அபூர்வம். உங்ககிட்ட பி இருக்குது, சாதாரண சோதனையில தெரியாது. அதுதான் பொண்ணுக்கு வந்திருக்குது. ஓ ரத்தம் ஏத்தியிருந்தா உசுருக்கே ஆபத்துங்க."

"பாத்தியா, என்னாலதான் நீ தப்பிச்ச!" என்று மகள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியூரிலிருந்து அதே வகை ரத்தம் வந்து ஆபரேஷன் முடிந்தது. நான் நினைத்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கூலி வாங்கும்போது சோதனைக்கு அவள் கொடுத்த காசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன். "பெத்த மககிட்ட ஆராச்சும் கடன் கட்டுவாங்களா?" என்று திட்டிக்கொண்டே வாங்கி வைக்கிறாள்.

இன்னும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி.