பிரேசில் காலண்டர்

என் சாச்சி, அதாவது சின்னம்மா, குல்சார் பேகம் கால்பந்து ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் 2001 ஐப்பசியில் அவருடைய சின்ன அச்சகம் பிரேசில் அணியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அப்போதுதான் நான் சிவகாசிக்கு வந்து அவர் வீட்டில் தங்கியிருந்தேன்.

கோழிக்கோட்டில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் உபைதுல்லா, அடுத்த ஆண்டு உலகக் கோப்பையை முன்னிட்டு, பிரேசில் படம் போட்ட மாதக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மலபாரில் அந்த மஞ்சள் சட்டைக்கு அப்படி ஒரு கிறுக்கு. தாள்கள் அச்சாகிவிட்டன, தலைப்பில் தகரப் பட்டி அடிப்பதுதான் பாக்கி. தீபாவளி நெருங்கிப் பட்டாசுக் கம்பெனிகள் மூடிவிட்டதால், பக்கத்துக் கிராமமான தாயில்பட்டியிலிருந்து அய்யம்மாளும் அவளுடைய கூட்டாளிப் பெண்களும் அந்த வேலைக்கு வந்திருந்தார்கள். கம்பெனி திறக்கும்வரை அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை.

அந்த நேரம் பார்த்துத் தகுதிச் சுற்றில் பிரேசில் பொலிவியாவிடம் தோற்றது. மிச்சம் ஒரே ஆட்டம். அதையும் விட்டால் உலகக் கோப்பைக்கே போக முடியாமல் ஆகலாம். உபைதுல்லா போனில் போட்ட சத்தம் அச்சகம் முழுக்கக் கேட்டது.

“அக்கா, நிப்பாட்டுங்க! அம்புட்டையும் பழைய பேப்பருக்குப் போடுங்க. அர்ஜென்டினா எப்பவோ உள்ள போயிருச்சு, அதை அடிச்சுத் தாங்க.”

“அதையும் அடிச்சுத் தாரேன். இது என்ன பாவம் பண்ணுச்சு?”

“தோத்த டீமை எவன்க்கா சுவத்துல மாட்டுவான்?”

“ஏன் தம்பி, பிரேசில் தோத்தா ஜனவரி வராதா?”

பெண்கள் சிரித்தார்கள். உபைதுல்லா சிரிக்கவில்லை. பிரேசில் தகுதி பெறாவிட்டால் லோடு அப்படியே திரும்பி வரும், வண்டிக்கூலியும் அச்சகத்தின் தலையில்தான் என்றார். சாச்சி சரியென்று போனை வைத்தார்.

அய்யம்மாள் எழுந்து சேலையை உதறினாள். “அப்ப நாங்க கெளம்பவாக்கா?”

“எங்கன கெளம்புற? உக்காந்து தகரத்தை எடு.”

சமையற்கட்டில் மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “ஏம்மா, அந்தக் கடைசி ஆட்டம் யாரோட?”

“வெனிசுலா.”

“சோப்ளாங்கிகளா?”

“முன்ன அப்படித்தான் சாச்சி. இப்பக் கொஞ்ச நாளா வரிசையா ஜெயிக்கிறாங்க.”

அடுப்பைத் தணித்தார். பிறகு போய், தீபாவளிக்கு முந்தின நாள் லோடு ஏறவேண்டும் என்று வண்டிக்குச் சொல்லிவிட்டார். விவரம் தெரிந்து துணிகிறவர்களை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். சாச்சிக்கு விவரம் எதுவும் தெரியாது. பண்டிகை நேரத்தில் அந்தப் பெண்களை வேலையில்லை என்று திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட துணிச்சலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலை உபைதுல்லா கூப்பிட்டார். “மூணு கோலுக்கா, மூணு! இங்க தெருவெல்லாம் வெடி. இன்னொரு லோடு போடுங்க!”

“போடலாம், போடலாம்” என்ற சாச்சி, அடுத்த நிமிடமே தாயில்பட்டி டெலிபோன் கடைக்குப் போன் போட்டு அய்யம்மாளைக் கூட்டிவரச் சொன்னார்.

“வேலை இருக்கு, வாங்க அய்யம்மா. மார்கழி வரைக்கும் இருக்கு.”

“யாருக்கா ஜெயிச்சாக?”

“நாமதான்.”

“அப்பச் சரி. இந்தத் தடவை எங்க தெருவுல மிச்சமிருக்கவுகளையும் கூட்டியாரேன். டீயைக் கூடுதலாப் போட்டு வையிங்க.”