மோதிரம் இல்லாத கை

படம் வரைந்து தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர் இருக்கிறபடி வரையச் சொல்வதில்லை. தொப்பையைக் குறை, நிறத்தைக் கூட்டு, கழுத்தில் ஒரு செயின் போடு என்பார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்பது பழமொழி. என் அனுபவத்தில் ஆள் கால்வாசிதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் வரைந்து கொடுப்பேன். திருத்தணியில் டிராயிங் டீச்சருக்கு இதை விட்டால் எண்ணெய் வண்ணத்தைத் தொட வேறு வாய்ப்பு ஏது?

ஓவியக் கல்லூரியில் மறுமலர்ச்சிக் கால இத்தாலிய உருவப்படங்களைப் பற்றிப் படித்தபோது, அங்கேயும் இதே கதைதான் என்று தெரிந்து சிரித்துக்கொண்டேன். பிரபுக்களுக்கு நாள் கணக்கில் உட்காரப் பொறுமை இருக்காது. முகத்தை மட்டும் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்களுடைய பட்டுச் சட்டையை வேறு யாராவது மாட்டிக்கொண்டு நிற்பார்கள். சில படங்களில் கைகூட வேறு ஆளுடையதாக இருக்கும். யாருடையதானாலும் அது வெளுப்பாக, மெலிந்து, மோதிரத்தோடு சும்மா கிடக்க வேண்டும். இவர் உழைக்கத் தேவையில்லாதவர் என்று ஊருக்குச் சொல்வதுதான் அந்தக் கையின் வேலை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். புது வீட்டு ஹாலில் மாட்ட, காலமான தன் அப்பாவின் பெரிய படம் வேண்டும் என்றார். நாற்காலி, ஜரிகை அங்கவஸ்திரம், கையில் மோதிரம் எல்லாம் இருக்க வேண்டுமாம்.

அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அந்த வீட்டைத் தெரியும். எங்கள் நைனா சாகும்வரை அவர்கள் கழனியில்தான் வேலை செய்தார். அவர் சாகும்போது எனக்கு ஐந்து வயது. நைனாவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அம்மாவைக் கேட்டால், “நல்லாத்தான் இருப்பாரு” என்பதோடு சரி. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊரார் முகமெல்லாம் வரைகிற நான், பெற்றவர் முகத்தை வரைய எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கண்கூட வந்ததில்லை.

அந்த வீட்டுப் பழைய போட்டோ எதிலாவது, ஒரு மூலையில் நைனா நின்றிருக்க மாட்டாரா? அந்த ஆசையில்தான் ஒப்புக்கொண்டேன். இருக்கிற பழைய படங்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். ஒன்றே ஒன்று வந்தது. மற்றதெல்லாம் கரையான் தின்றுவிட்டதாம். அந்த ஒன்றிலும் நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை; பெரியவரின் முகம் மட்டும் மிச்சம். படம் கொண்டுவந்தவர் போன பிறகு, அந்தக் கரையான் வம்சத்தையே திட்டித் தீர்த்துவிட்டு அழுதேன்.

முகத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. கைக்கு மாதிரி ஒன்றும் தேடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் குழம்பு கொதித்து இறங்குவதற்குள் அது தானாக வந்து உட்கார்ந்தது. ஒரு மோதிரத்தையும் போட்டு, பரவாயில்லையே நான் என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

படத்தை நானே கொண்டுபோய் ஹாலில் வைத்தேன். எல்லோருக்கும் திருப்தி. கடைசியாக, பெரியவரின் மனைவி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பதைத் தாண்டியவர். கிட்டே நின்று வெகுநேரம் பார்த்தார்.

“மொகம் அவருதான். கை அவருது இல்ல.”

அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று மகன் சமாளித்தார். கிழவி அசையவில்லை. படத்தில் இருந்த சுண்டுவிரலைத் தொட்டார். அது பக்கத்து விரலோடு சேராமல் உள்ளே வளைந்திருந்தது. “எங்க கழனியில வேலை செஞ்சிகினு இருந்தவன் கை இது,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிவாள் வெட்டி நிமிராமலே போன விரல். என்னைக் கேட்காமலே என் கை அதை வரைந்திருக்கிறது.

“அது எங்க நைனா கைங்க,” என்றேன்.

கையை மட்டும் மாற்றிக் கொடுங்கள் டீச்சர் என்று மகன் தணிவாகச் சொன்னார். அவருடைய அப்பா படம், அவர் கேட்டதில் தப்பில்லை. சரி என்றேன். ஆனால் கிழவியிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவரு மொகம் எப்படிம்மா இருக்கும்? எனக்கு ஞாபகமே இல்ல.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார்.

“பொய் சொல்ல மாட்டேம்மா. மதியானம் நான்தான் கூழ் ஊத்துவேன். கையைக் குவிச்சிகினு குனிஞ்சி நிப்பான். அந்த வெரலு சேராது, சந்துல ஒழுகிகினே இருக்கும். ஏன்டா சிந்துறேன்னு திட்டுவேன். அத்தினி வருசமும் கையத்தான் பாத்தேன். மொகத்த ஒருநாளும் பாக்கல.”

எனக்குக் கோபம் பொங்கியது. உண்மையைச் சொல்லிவிட்டவரிடம் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மகனையே ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அவருடைய கையைப் பார்த்து மாற்றி வரைந்தேன். மெத்தென்ற கை. மோதிரம் அதற்குத்தான் பொருந்தியது. கிழவி பார்த்துவிட்டு “ஆங்” என்றார்.

பழைய கையை அழிப்பதற்கு முன்னால், ஒரு சின்னக் கேன்வாஸில் அப்படியே எடுத்து வரைந்துகொண்டேன். மோதிரத்தை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது அது எங்கள் வீட்டுக் கூடத்தில், மலை தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கிருத்திகைக்கு வந்து தங்குகிற உறவுக்காரர்கள் யார் படம் என்று கேட்பார்கள். எங்கள் நைனா என்பேன். முகம் எங்கே என்பார்கள்.

அதைப் பார்த்தது எங்கம்மா ஒருத்திதான் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன்.