கால் ஊன்றாத நிசாந்தன்

சங்கக் கடையில் பாண் வாங்கும்போதும் நிசாந்தன் நிலத்தில் கால் ஊன்றுவதில்லை. பெடல் இரண்டிலும் எழுந்து நின்றபடி, முன்சில்லு ஒரு விரற்கடை இந்தப் பக்கமும் ஒரு விரற்கடை அந்தப் பக்கமுமாக அசைய, ஒரு கையை ஹான்டிலில் வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டுவான். கடைக்காரப் பெட்டை பாணைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும் வரைக்கும் அப்படியே நிற்பான். கண் பாதி மூடியிருக்கும். பின்னால் நிற்கிற சனம் மழை வருமோ, கடலில் லோஞ்சு ஓடுமோ என்று கதைத்துக்கொண்டிருக்கும். அவன் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது. ஒருநாள் ஒரு காகம் வந்து அவனுடைய ஹான்டிலில் குந்தியிருந்து, இறகைக் கோதிப்போட்டு, தன்பாட்டில் பறந்துபோனது.

அந்தச் சைக்கிளுக்குச் சீற் இல்லை. சீற் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டிக் குழாயின் வாயை மூடியிருப்பான். புதிதாக நெடுந்தீவுக்கு வந்த ஆட்கள் பரிதாபப்பட்டு, "தம்பி, என்னட்டைப் பழைய சீற் ஒண்டு கிடக்கு, தரட்டோ?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி விளங்கப்படுத்த அவனுக்குப் பஞ்சி. சிரித்துப்போட்டுப் போய்விடுவான்.

ஆளுக்கு முப்பத்தேழு வயது. தாய்வழியில் மார்க்கண்டரின் பேரன். மார்க்கண்டர் காலி நகரில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். அவருடைய மூத்த தங்கச்சியை இறுப்பிட்டியில் கட்டிக்கொடுத்தார்கள், அந்தக் கிளை முழுவதும் இப்போது கனடாவில். தம்பி கடல்வழியே போய்த் திரும்பி வரவே இல்லை. மிஞ்சியது மார்க்கண்டரின் மகளான நிசாந்தனின் தாயும் அவள் பெற்ற இந்த ஒரு பிள்ளையும்தான். அவனுக்கு உத்தியோகம் வீடு வீடாகப் போய் மின்மானி பார்த்து எழுதுவது. மாதத்தில் ஒருமுறை தீவில் உள்ள ஒவ்வொரு படலைக்கும் அவன் போயாகவேண்டும். ஒவ்வொரு படலைக்குள்ளும் ஒரு நாய் இருக்கும்.

சைக்கிளோடு துள்ளுகிற பழக்கம் தொடங்கியது நாயால்தான். எட்டு வருடத்துக்கு முன்னர், மேற்குப் பக்கத்தில் ஒரு வளவில், வெள்ளை நாய் ஒன்று அவிழ்ந்து வந்துவிட்டது. பக்கத்தில் கல்வேலி இடிந்து முழங்கால் உயரத்தில் கிடந்தது. எப்படி நடந்ததென்று அவனுக்கே தெரியாது, முன்சில்லு எழும்பியது, பின்சில்லு தொடர்ந்தது, சைக்கிளோடு ஆள் வேலிக்கு மேலே. நாய் கீழே இருந்து அரைமணி நேரம் குரைத்தது. அந்த அரைமணி நேரமும் அவன் இறங்காமல் பெடலில் நின்றான். காற்று வந்தது. தூரத்தில் குதிரைகள் இரண்டு தலையைக் குனிந்து மேய்ந்தன. கடல் வெளிறிக் கிடந்தது. நாய் களைத்துப் போன பிறகும் அவன் நின்றான் என்பதுதான் கதை. "அண்டைக்கு ஏறின மனிசன் இன்னும் இறங்கேல்லை" என்று மனைவி கம்சிகா சொல்லுவாள்.

பிறகுதான் கைப்பேசியில் பார்த்து அறிந்தான், வெளிநாட்டில் பெடியள் பாறைக்குப் பாறை இப்படித் துள்ளுகிறார்கள், அதற்கு ட்ரயல்ஸ் என்று பெயர், போட்டிகூட வைக்கிறார்கள், கால் நிலத்தில் பட்டால் புள்ளி போய்விடும் என்று. அவர்களுடைய சைக்கிள் பிறேம் ஒன்றின் விலைக்குத் தீவில் இரண்டு கறவைப் பசு வாங்கலாம். ஆனால் அவர்களிடம் நெடுந்தீவின் வேலி இல்லை. சாந்து பூசாமல், பவளக் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கி, இரண்டு முழ அகலத்தில், வளவிலிருந்து வளவுக்கு நெளிந்து நெளிந்து போகும் வேலி. ஊர்ச் சட்டம் ஒன்றுதான்: கல்லை விழுத்தினவன் அதை அடுக்கிப்போட்டுத்தான் அடுத்த அடி வைக்கவேண்டும். நிசாந்தன் விழுத்திய கல்லுக்கு அளவில்லை. அடுக்கியதற்கும் அளவில்லை. இப்போது சிலர், வேலி சரிந்து கிடந்தால், "உதிலை ஒருக்கா ஓடிப்போட்டுப் போமன்" என்று தாங்களே அவனைக் கூப்பிடுகிறார்கள்.

காலை லோஞ்சு புறப்பட்ட பின்பு, மின்மானி எழுதுகிற வேலை தொடங்கும் முன்பு, ஒரு மணி நேரம் அவனுடையது. வெயில் அப்போது இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கும். வேலிக்கு மேலே ஏறிவிட்டால் கீழே வளவுகளில் நடப்பதெல்லாம் வேறு யாருடைய கனவோ போல அவனுக்குத் தோன்றும்: ஒருத்தி ஆட்டுக்குக் குழை கட்டுவாள், கிணற்றடியில் ஒருவர் சவர்க்காரம் கண்ணில் பட்டுத் தடவிக்கொண்டு நிற்பார், ஆளில்லாத வீட்டின் கூரைக்குள்ளிருந்து புறாக்கள் போகும். அவன் ஒரு துள்ளலுக்கு ஒரு கல்லைக் கடப்பான். நின்று மூச்சு விடுவான். அடுத்த கல். நூறு பாகத் தூரம் போக முக்கால்மணி நேரம் ஆகும். அவசரமில்லை, எங்கேயும் போகிறவனும் இல்லை.

ஆனால் சைக்கிளுக்கு அது சுகமில்லை. முதலில் தகப்பனுடைய பார் சைக்கிளில் துள்ளினான், அது வளைந்தது. பிறகு தீவில் இரும்பு ஒட்டு வேலை செய்யும் பத்திநாதர், கிணற்றுக் குழாய் மிச்சத்தை வெட்டி ஒட்டி ஒரு பிறேம் செய்து கொடுத்தார். அதன் முன்சில்லைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூன்றாவது, மச்சான் சுவிசிலிருந்து அனுப்பிய அலுமினியப் பிறேம். தூக்கினால் பப்பாசித் தண்டு மாதிரி. அதில் ஏறிய பதினொரு மாதமும் நிசாந்தன் நிலத்தில் நடந்தானோ என்பது சந்தேகம். போன வருடம் வைகாசியில், சத்தம் ஒன்றும் இல்லாமல், ஹான்டில் கழுத்தோடு அது இரண்டாகப் பிரிந்தது. அவன் ஆள் உயரத்திலிருந்து கல்லில் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது.

அன்று கடல் கடும். லோஞ்சின் அடித்தட்டில் அவனைக் கிடத்தி, ஒவ்வொரு அலைக்கும் தோள் அசையாமல் கம்சிகா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குறிகட்டுவான் வரைக்கும் வந்தாள். அழவில்லை. இறங்குதுறை தெரிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"இனி ஒரு சைக்கிள். ஒண்டே ஒண்டு. அதுவும் முறிஞ்சால் வேலியை விட்டு இறங்கிப்போடோணும். பிறகு ஒரு கதை இல்லை."

"ஓம்," என்றான் அவன்.

எலும்பு பொருந்தி, கை தோளுக்கு மேலே எழும்ப ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அவன் மனதுக்குள் பிறேம் தேடினான். மலிவாக இருக்கவேண்டும், கூரை ஓடு மாற்றக் கிடந்தது. உடல் கட்டையாக, பின்சில்லு கிட்டவாக இருக்கவேண்டும், அப்போதுதான் முன்பக்கம் சொன்ன பேச்சுக் கேட்டு எழும்பும். நடுப் பார் தாழ்வாக இருக்கவேண்டும், ஏனென்று ஆண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அது உருக்காக இருக்கவேண்டும். அலுமினியம் சொல்லாமல் போகும். உருக்கு போகமுன் முனகும், வளையும், தீவிலேயே ஒட்டலாம். இந்தப் புத்தி காறை எலும்பு கொடுத்து வாங்கியது.

ஊர்காவற்றுறையில் சில்வெஸ்ரர் என்றொருவர் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சைக்கிள்கள் விற்கிறார். அறுபது வயது. அவருடைய தகப்பனின் வத்தைப் படகில்தான் ஒருகாலத்தில் மார்க்கண்டரின் புகையிலைச் சிப்பங்கள் போயின. அந்த உறவில் நிசாந்தனுக்கு முற்றத்தைத் திறந்து விட்டுவிட்டு, கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூறு சைக்கிளாவது இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து, வெயிலில் ஒரு மந்தை படுத்திருப்பது போல.

நிசாந்தன் ஒரு நூலில் காந்தம் கட்டிக்கொண்டு வந்திருந்தான். காந்தம் ஒட்டாததை விட்டுவிட்டு, ஒட்டியதில் உடல் கட்டையான ஐந்தை ஒதுக்கினான். பிறகு ஒவ்வொன்றிலும் சீற்றைக் கழற்றி, குழாய்க்குள் விரலை ஆழமாக விட்டு, எடுத்து, நாக்கில் வைத்தான். உப்பு. அடுத்தது, உப்பு. மூன்றாவது, உப்பு. தீவில் பிறந்தவன் கிணற்றை நம்புவதும் நாக்கால்தான்; உப்பு உள்ளே போன இரும்பு வெளியே எவ்வளவு மினுங்கினாலும் உள்ளே மா மாதிரி உதிரும் என்பது அவன் கணக்கு. ஐந்தும் உப்பு. முகம் விழுந்துவிட்டது.

சில்வெஸ்ரர் கதிரையை விட்டு எழும்பாமல் கேட்டார்:

"தம்பி, நீர் சைக்கிள் வாங்க வந்தனீரோ, கிணறு வாங்க வந்தனீரோ?"

"எல்லாம் உப்படிச்சுப் போச்சு, அண்ணை. ஒண்டும் சரிவராது."

"எப்பிடி இஞ்ச வந்தனீர்?"

"காலமை லோஞ்சிலை."

"எங்கை நிண்டனீர்?"

"முன் அணியத்திலை. நல்லாக் கடல் தண்ணி அடிச்சது."

சில்வெஸ்ரர் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரத் துண்டும் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"முதல் உம்மடை கையைக் கழுவும்."

கை கழுவிய பிறகு மறுபடி நாக்கில் வைத்தபோது மூன்று பிறேம்கள் உப்பில்லாமல் பச்சைத் தண்ணீராய் நின்றன. இப்படியே எத்தனை தீவார் நல்ல சைக்கிளை விட்டுப்போட்டு வெறுங்கையோடு போனார்களோ என்று சில்வெஸ்ரர் சிரித்துச் சிரித்து இருமினார். மூன்றில் ஒன்று யாரோ ஒரு ஜப்பான் பிள்ளை ஓடியது. சேற்று நிறம், நடுப் பாரில் ஒரு நெளிவு, கட்டை உடல், தடித்த ஒட்டுகள். அழகில்லை.

அதே நேரம் சில்வெஸ்ரர் ஒரு நீலப் பிறேமைத் தூக்கிக்கொண்டு வந்தார். அலுமினியம். அவர் அதைச் சின்னவிரலில் தொங்கவிட்டுக் காட்டினார். அதே விலைக்கே தருவதாகச் சொன்னார்.

நிசாந்தன் அதை வாங்கிக் கையில் வைத்திருந்தான். ஒரு பாரமும் இல்லை. மேற்கு வேலி அவன் கண்ணுக்குள் ஓடியது, கல்லுக்குக் கல், படலை இடைவெளிக்கு மேலாலும் ஒரு துள்ளல், கடல் வரைக்கும் கால் ஊன்றாமல். எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று தெரியாது. முற்றத்து வேம்பின் நிழல் அவன் காலடியிலிருந்து விலகிப்போயிருந்தது. சில்வெஸ்ரர் ஒரு நித்திரை கொண்டு எழும்பிவிட்டார் என்றும் சொல்லுவார்கள்.

"என்ன தம்பி, எது?"

"சேத்து நிறம்."

"உது பாரம்."

"ஓம் அண்ணை. ஆனால் கதைக்கும்."

அவர் விளங்காவிட்டாலும் தலையாட்டினார். குழாய்க்குள் கழிவு ஒயில் ஊற்றி, தலைகீழாகத் திருப்பித் திருப்பி உள்ளே எல்லா இடமும் பிடிக்கவைத்து, வாய்களைத் துணியால் அடைத்து, நிசாந்தன் அதைத் தன் மாற்றுச் சாரத்தால் சுற்றி எடுத்துவந்தான். லோஞ்சில் இந்தமுறை அணியத்தில் நிற்கவில்லை. உள்ளே இறங்கி, மா மூட்டைகளுக்கு நடுவில், அதை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தான்.

பழகுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. பாரமான பிறேம் அவனை மெதுவாக்கியது. முன்பு பறந்த இடத்தில் இப்போது நின்று, யோசித்து, ஏறினான். நின்ற இடமெல்லாம் இன்னும் வடிவாகத் தெரிந்தது. கல்லின் இடுக்கில் ஓணான் முட்டை, தூரத்து நயினாதீவுப் பக்கம் முகிலின் அடி, மழைக்கு முன் குதிரைகள் ஒரே திசையில் திரும்பி நிற்பது. மின்மானி இலக்கத்தை எழுத மறந்து இரண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனான்.

நாலாம் மாதம், ஒரு புதன்கிழமை, பின்சில்லில் இறங்கியபோது அவனுக்குக் கீழே மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. காய்ந்த ஓலையை யாரோ மிதித்தது போல. இறங்கிப் பார்த்தான். வேலியில் ஓலை இல்லை. மறுபடி அழுத்தினான். பெடல் அச்சுக்குப் பக்கத்து ஒட்டில் மயிர் அளவு ஒரு கோடு.

பத்திநாதரிடம் உருட்டிக்கொண்டு போனான். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பத்து நிமிட வேலை என்றார். ஒட்டி, தேய்த்து, மேலே பெயின்ற் பூசிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது.

"கம்சிகாவுக்கு ஏன் சொல்லுவான்? முறியேல்லைத்தானே."

நிசாந்தன் ஒட்டுக் கம்பியைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான். பின்னேரம் வாறன் என்று சொல்லி, ஒட்டாமலே சைக்கிளை வீட்டுக்கு உருட்டினான்.

கம்சிகா தான் படிப்பிக்கிற முன்பள்ளி விட்டு வந்து குசினியில் சோறு வடித்துக்கொண்டு நின்றாள். அவன் சைக்கிளைக் குசினி வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினான். இப்படி அவன் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. அவள் சைக்கிளைப் பார்த்தாள், பிறகு அவனுடைய தோளைப் பார்த்தாள்.

"முறிஞ்சுதோ?"

"இல்லை. சத்தம் போடுது."

 கஞ்சி வடிந்து முடிந்தது. பானையை நிமிர்த்தி வைத்தாள், அடுப்பைத் தணித்தாள், கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் விரலால் கோட்டைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். வெளியே காற்று ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, எதுவும் காதில் விழக்கூடிய மத்தியானம் அல்ல.

"எங்கை, அமத்துங்கோ பாப்பம்."

அவன் பெடலில் காலை வைத்து மெதுவாகப் பாரத்தைக் கொடுத்தான். கம்சிகா நிலத்தில் முழங்காலிட்டு, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்றக் காதை அந்தச் சேற்று நிறக் குழாயோடு ஒட்டி வைத்தாள்.